அயர்லாந்துக் குடியுரிமைக்குச் சான்றிதழ் திரட்டித் தந்த மையம்

அயர்லாந்தின் கார்க் நகரில் வாழும் என் தங்கைக்காக, ராமநாதபுரத்தில் அயல்நாட்டு ஆவணப் பணிகளைச் செய்து கொடுக்கும் மையம் ஒன்றை அணுகினோம். அவளுடைய கணவர் கீழக்கரைக்காரர், அயர்லாந்துக் குடியுரிமை பெற்றவர். தங்கையின் வசிப்பு அனுமதி அட்டை காலாவதியாகவிருந்த நிலையில், அதைப் புதுப்பிப்பதா, திருமண அடிப்படையில் குடியுரிமைக்கே விண்ணப்பித்துவிடுவதா என்ற கேள்வி எங்களுக்கு இருந்தது. ஊர்ச் சான்றிதழ்களைத் திரட்டும் வேலையில் இம்மையத்தைத் தாராளமாக நம்பலாம்; அந்தக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலை நம்புவதற்கில்லை.

தங்கையின் நிக்காஹ் (திருமணம்) பள்ளிவாசல் ஜமாஅத்தின் பதிவேடான தப்தரில் பதிவானதோடு, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாகியிருந்தது. ஆனால் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாகவும், திருமணச் சான்றிதழில் முன்னெழுத்தாகவும் இருந்தது. பிறப்புச் சான்றிதழிலோ பெயர்க் கட்டமே வெறுமையாக இருந்தது. நம் கடற்கரை ஊர்களில் பிறந்த பலருக்கும் இது பழகிய தொல்லைதான். மைய ஊழியர் இதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்து, பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கும்வரை மொழிபெயர்ப்புக்கு அனுப்பவே மறுத்துவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். சென்னையில் மாநில அரசின் சான்றொப்பத்தையும், அதன்பின் ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குச் சான்றளிக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையையும் அவர்களே பெற்றுத் தந்தார்கள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மையம் வாங்குவது அதைப் போலப் பல மடங்கு. எனினும் அரசுக் கட்டணத்தையும் தங்கள் கூலியையும் தனித்தனியே எழுதி ரசீது கொடுத்ததால் மனக்குறை ஏதுமில்லை.

"குடியுரிமைக்குப் போட்டுவிட்டால் கார்டைப் புதுப்பிக்கத் தேவையில்லை" என்று அவர்கள் உறுதியாகச் சொன்னதுதான் பெரிய குறை. அயர்லாந்தின் 1956ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, மணமாகி 3 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். கடைசி 5 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் அயர்லாந்துத் தீவில் வாழ்ந்திருக்க வேண்டும். அதிலும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். செல்லுபடியாகும் அனுமதியோடு வாழ்ந்த நாட்களே இக்கணக்கில் சேரும் என்பதால், அட்டை காலாவதியாகி இடைவெளி விழுந்தால் அந்த நாட்கள் போனவைதான். விண்ணப்பம் பல மாதங்கள் நிலுவையில் கிடக்கும். அதுவரை அங்கே வாழவும் வேலை பார்க்கவும் அனுமதி வேண்டும். மேலும், புதுப்பிக்கும்போது மற்றவர்கள் கட்டும் 300 யூரோவிலிருந்து அயர்லாந்துக் குடிமக்களின் வாழ்க்கைத் துணைக்கு விலக்கு உண்டு; ஆகவே புதுப்பிக்காமல் விடுவதால் மிச்சமாவதும் ஒன்றுமில்லை. தங்கை முதலில் அட்டையைப் புதுப்பித்தாள், பிறகுதான் விண்ணப்பித்தாள்.

அவர்கள் கேட்கத் தவறிய இன்னொரு கேள்வி, கடைசி ஓராண்டில் அவள் ஊரில் எத்தனை நாள் தங்கினாள் என்பது. 70 நாள் வரை வெளிநாட்டில் இருக்கலாம் என்று 2023இல் சட்டத்தில் வரையறுத்திருக்கிறார்கள். தவிர்க்க முடியாத காரணங்களுக்கு மேலும் 30 நாள் வரை விலக்கு கிடைக்கக்கூடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து மாதக்கணக்கில் தங்கும் நம் வழக்கத்துக்கு இந்த வரம்பு போதாது. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினத்துக் குடும்பங்களை வாடிக்கையாளராகக் கொண்ட மையம் இதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

விண்ணப்பத்தையும் தாங்களே நிரப்பித் தருவதாகச் சொல்லி விற்கும் முழுத் தொகுப்பு வேண்டாம். 2023 முதல் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வசித்ததற்கான ஒவ்வொரு சான்றுக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு; ஒவ்வோர் ஆண்டு வசிப்புக்கும் 150 புள்ளிகள் சேரும்படி காட்ட வேண்டிய வங்கிக் கணக்கறிக்கை, வேலைக் கடிதம் போன்றவை அயர்லாந்தில்தான் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் 175 யூரோ, அனுமதி கிடைத்தபின் சான்றிதழுக்கு 950 யூரோ. இவ்விரண்டும் அயர்லாந்து அரசுக்கே போகின்றன.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை பெற வேண்டியிருக்கும் என்பதை அவர்களாகவே எடுத்துச் சொன்னார்கள். அந்த அட்டைதாரர் தென்னந்தோப்போ விவசாய நிலமோ விலைக்கு வாங்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னது பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மையம் மூடியிருக்கும். மூல ஆவணங்களைக் கூரியரில் அனுப்பும் பொறுப்பையும் ஏற்கிறார்கள். நாங்கள் கார்க்குக்குப் போன உறவினர் கையிலேயே கொடுத்தனுப்பினோம்.