லோவர் ஆர்ம் மாற்றிய பின்: கொரோலா 121 உடன் சில ஆண்டுகள்

எனது ரொயோட்டா கொரோலா 121 காரின் முன்பக்கத்தில் எழுந்த ‘டொக்’ என்ற சத்தம் முதலில் வேகத்தடைகளில் மட்டுமே கேட்டது. பின்னர் பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தது. முன் ரயர்களின் உள்விளிம்பும் தேயத் தொடங்கியது. வீல் அலைன்மென்ற் செய்து சில்லுகளின் கோணத்தைச் சரிப்படுத்தியும் சில வாரங்களில் மீண்டும் அதே நிலைதான். பலரும் ஷொக் அப்சோர்பரைக் குறை சொன்னார்கள். ஆனால் வண்டியை உயர்த்தி, சில்லின் அடிப்பகுதியை வண்டியின் உடலோடு இணைக்கும் லோவர் ஆர்மைக் கம்பியால் நெம்பிப் பார்த்தபோது, அது வண்டியோடு சேரும் இடத்திலுள்ள இறப்பர் பொதிந்த இணைப்பான புஷ்களில், பின்பக்க புஷ்ஷின் இறப்பர் விரிந்து கிழிந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

இந்த வண்டியின் முன் சில்லுகளைத் தாங்கும் அமைப்பில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கும் ஷொக்கும்தான். சில்லின் அடிப்பகுதி முன்னும் பின்னும், உள்ளும் புறமும் நகராமல் பிடித்து வைப்பதே லோவர் ஆர்மின் வேலை. முன்பக்க புஷ் கடினமானது. வளைவுகளில் வரும் பக்கவிசையைப் பெரும்பாலும் அதுவே ஏற்கிறது. பின்பக்க புஷ் மென்மையானது. பிறேக்கின் இழுவையையும் குழிகளின் அதிர்ச்சியையும் உள்வாங்குகிறது. ஆகவே அது கிழிந்தால் பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் சில்லின் கோணம் மாறும். அந்த நிலையில் செய்யப்படும் அலைன்மென்ற் நிற்காது.

முதலில் மாற்றிய புதிய ஆர்ம்கள் எதிர்பாராத வேகத்தில் பழுதடைந்தன. காரணம் பொருளின் தரம் அன்று, பூட்டிய முறை. புஷ்ஷின் இறப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டப்பட்டது. அது சுழல்வதில்லை, முறுக்கப்பட்டு மீள்கிறது. வண்டி ஜக்கில் இருக்க, சில்லுகள் கீழே தொங்கும் நிலையில் போல்ற்றுகளை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதுமே இறப்பர் முறுகிக்கொள்கிறது. நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கிலேயே இருந்து விரைவில் கிழிகிறது. அந்தக் கராஜில் அப்படித்தான் இறுக்கினார்கள். இரண்டாவது தடவை வேறொரு கராஜில், போல்ற்றுகளை முழுதாக இறுக்காமல் பூட்டி, சில்லுகளைத் தரையில் இறக்கி, வண்டியைச் சில தடவை அமுக்கி ஆட்டிய பின்னர், வண்டியின் கீழுள்ள கராஜ் குழிக்குள் இறங்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் கடைசி இறுக்கம் கொடுத்தார்கள். இந்த ஒரு படியைத்தான் வேலை தொடங்கும் முன்பே கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பழைய ஆர்ம்கள் மலிவு. இரும்பு நல்லதாக இருக்கலாம். ஆனால் அதிலுள்ள இறப்பரும் உங்கள் வண்டியின் இறப்பரைப் போலவே வயதானது. புதிய புஷ்ஷை பிரஸ்ஸில் அடித்துப் பொருத்துவதானால் மட்டுமே அது பயன்தரும். அப்போதும் பின்பக்க புஷ்ஷை அதற்குரிய திசையில் வைப்பது அவசியம். 121 இல், ஆர்மின் வெளி நுனியைச் சில்லோடு இணைக்கும் போல் ஜொயின்ற்றைத் தனியாகக் கழற்ற முடியும் என்பதால், அதன் இறப்பர் உறை வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவது நல்லது. அது கழன்றால் சில்லே மடிந்துவிடும்.

இப்போது யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்கு அடிக்கடி போய்வருகிறேன். சத்தமில்லை, ஸ்ரியரிங் நேராக நிற்கிறது, ரயர்களும் சமமாகத் தேய்கின்றன. கடற்காற்றில் போல்ற் புஷ்ஷின் குழாயோடு துருவேறி இறுகிவிடுவதால், பூட்டும்போதே போல்ற்றின் தண்டில் மட்டும், மரைகளில் படாமல், மெல்லிதாகக் கிறீஸ் பூசச் சொன்னேன்.