வாக்குத்தத்த அட்டை: அச்சு முழுசு, வசனம் பாதி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஒரு தட்டு இருக்கும். அதில் அட்டைகளைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுத்தால், அதிலுள்ள வேதாகம வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் உங்களுக்குத் தரும் வாக்குறுதி, அதாவது உங்கள் வாக்குத்தத்தம். டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் இந்த அட்டைகளை, ஒரு கம்பெனியின் பெயரை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், ஒரு பண்டமாகவே எடைபோடலாம்.

அச்சில் குறை சொல்ல அதிகம் இல்லை. விசிட்டிங் கார்டு அளவு, கெட்டி ஆர்ட் கார்டு, மேலே லேமினேஷன். பர்ஸிலோ வேதாகமத்துக்குள்ளோ ஒரு வருஷம் தாங்கும். வசனத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், கண்ணாடி இல்லாமலே பாட்டி படித்துவிடலாம். ஆனால் அதிகாரமும் வசன எண்ணும் கீழே மூலையில், பின்னணிப் படத்து அருவியின் நுரைமேல், வெள்ளை எழுத்தில் பொடியாகக் கிடக்கும். முழுப் பகுதிக்குத் திரும்பிப்போக இருக்கிற ஒரே கதவு அந்த எண்தான். அதையே கண்ணில் படாமல் வைப்பதுதான் முதல் கோளாறு.

எடுத்துப் பார்க்க எரேமியா 29:11 போதும். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்ற இந்த வசனம் இல்லாத கட்டைக் காண்பது அரிது. இது ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. 5-ஆம் வசனம் ‘வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள்’ என்கிறது. அதாவது, இப்போதைக்கு ஊர் திரும்பும் வழி இல்லை. 7-ஆம் வசனம் உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது. 10-ஆம் வசனத்தில் கணக்கு வருகிறது: 70 வருஷம். அந்தக் கடிதத்தைக் காதால் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே மண்ணுக்குள் போயிருப்பார்கள். வாக்கு பொய்யில்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பலித்தது.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் விஷயம் இன்னும் காரமாகிறது. அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். ஜனங்களுக்குப் பிடித்த வாக்கு அதுதான். அவனைப் பொய்யன் என்று சொன்ன எரேமியாதான் 70 வருஷக் கடிதத்தையும் எழுதுகிறார். அட்டை என்ன செய்கிறது? எரேமியாவின் வரியை எடுத்து, அடியில் வருஷத்தை அச்சடித்து, அனனியாவின் கெடுவை ஒட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு அதே கடிதத்தின் 8-ஆம் வசனம் குறிகாரரிடம் ஏமாறாதீர்கள் என்கிறது. தட்டிலிருந்து சீட்டு எடுக்கிறோம், கிளி மட்டும்தான் இல்லை.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அட்டைகளில் வருவது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் மொழிபெயர்ப்பு. அதில் ஒருவரை மரியாதையாக அழைக்க ‘நீர்’ என்ற சொல் உண்டு; ‘நீங்கள்’ என்றால் பலர், அவ்வளவுதான். இன்றைய காதுக்கு ‘உங்கள்பேரில்’ என்பது எனக்கு மரியாதை கொடுத்துச் சொன்னதுபோலக் கேட்கிறது. ஒரு ஜனக்கூட்டத்துக்கு வந்த சொல் இப்படித்தான் ஒருத்தரின் விசா, ஒருத்தரின் பிரமோஷன் என்று சுருங்கிப்போகிறது. இன்றைய ஆங்கில வேதாகமம் படிப்பவருக்கு ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கு வித்தியாசம் கண்முன்னே இருந்தும் நழுவுகிறது.

அடுத்தது உபாகமம் 28:13, ‘வாலாக்காமல் தலையாக்குவார்’. கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையைக் கத்தரித்துவிட்டுப் பின்பாதியை மட்டும் அச்சடிப்பார்கள். அந்த அதிகாரத்தில் 68 வசனம். ஆசீர்வாதம் 14, சாபம் 54. அதே தலையும் வாலும் 44-ஆம் வசனத்தில் திரும்ப வருகின்றன, இடம் மாறி: அந்நியன் தலை, நீ வால். அதை அச்சடித்து விற்க யாருக்கும் தைரியம் வராது. பரீட்சை அட்டையில் ஒட்டும் பிலிப்பியர் 4:13-க்கும் (‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’) அதே கதிதான். பவுல் காவலில் இருந்து எழுதியது, முந்தின வசனம் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைப் பற்றியது.

ஜனவரியில் இதெல்லாம் யாருக்கும் உறைக்காது. ஆகஸ்டில் வேலை போகும், கர்ப்பம் கலையும், அப்போதுதான் தெரியும். ‘விசுவாசம் போதவில்லை’ என்று பழி அட்டையை எடுத்தவர் தலையில் விழும். வெட்டி ஒட்டினது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சபையை விட்டே ஒதுங்கியவர்கள் பலர் உண்மையில் விட்டது வேதாகமத்தை அல்ல, அட்டையைத்தான் என்று தோன்றுகிறது.

சீட்டுப் போட்டு வசனம் எடுப்பதே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரிலுள்ள மொராவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை 1731 முதல் வருஷா வருஷம் தினவசனப் புத்தகம் அச்சிடுகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அன்றைய வசனம் எல்லாருக்கும் ஒன்றே. ‘எனக்கு வந்தது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதோடு பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை ஆள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். ஆக, ஒரு வசனத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும் வேலை அச்சுக்கு முன்பே நடந்துவிடுகிறது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்: வருஷம் அச்சடிக்காத கட்டாகப் பாருங்கள். வசனத்தில் மூன்று புள்ளி இருந்தால் அந்தப் புள்ளிக்குள் என்ன போயிற்று என்று கடையிலேயே போனில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ‘ஆல்’ என்று முடியும் ஒரு நிபந்தனை அங்கே செத்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் அட்டையின் பின்பக்கம் பேனாவால் மூன்று பதில் எழுதுங்கள்: யார் சொன்னது, யாரிடம், அப்போது அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள். புத்தகத்தின் முன்னுரை, உட்தலைப்பு, அடிக்குறிப்பு வேண்டுமென்றால் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் உதவும். அதில் இணைத் திருமுறை நூல்கள் (கத்தோலிக்க வேதாகமத்தில் மட்டும் சேர்த்திருக்கும் பழைய ஏற்பாட்டு நூல்கள்) இருப்பதைப் பார்த்து நம் புராட்டஸ்டண்ட் ஆட்கள் மிரள்கிறார்கள். எரேமியாவைப் படிக்க அது தடையில்லை.

சபையே அச்சடிப்பதானால் எரேமியா 29:4 முதல் 14 வரை மொத்தம் 11 வசனம்தான். மடித்த ஏ6 அட்டையின் உள்பக்கங்களில் சிரமமில்லாமல் அடங்கும். படம் சின்னதாகும். அருவியை எடுத்துவிடலாம். யோவான் 16:33-ஐயும் கட்டில் சேர்த்துவிடுங்கள், முழுசாக. ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்பதும் வாக்குத்தத்தம்தானே.