பழைய பட்டாள ஜீப்: 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் ஜீப் மெக்கானிக்குப் பஞ்சமில்லை. கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி மலையேறும் வண்டிகளில் பெரும்பாலும் ஜீப்தான். ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 6 வோல்ட் பேட்டரியோடு வந்த அமெரிக்கப் பட்டாள ஜீப்பான வில்லிஸ் எம்பி ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் தூக்கிப் பார்த்த கையோடு வருவது ஒரே பேச்சு: "அண்ணே, பன்னெண்டா மாத்திருங்க, தலைவலி விட்டுச்சு."

அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 12 வோல்ட் என்றால் பல்பு, காயில், ஹார்ன், பேட்டரி எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 6 வோல்ட் பேட்டரியைச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். கணக்கும் அவர்கள் பக்கம்தான். 45 வாட் ஹெட்லைட்டுக்கு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டில் 3.75 போதும். அதே ஒயரில் வீணாகும் மின்சாரம் 6 வோல்ட்டில் நான்கு மடங்கு. ஜூனில் மழை பிடித்தால் டெர்மினல்களில் பச்சை பூக்கிற ஊர் இது, விளக்கு மங்கத்தான் செய்யும்.

ஆனால் பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்துவிடாது. டைனமோ, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட், காயில், எல்லா பல்புகளும் மாற வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்காவிட்டால் கருகிவிடும். செல்ஃப் மோட்டாரை அப்படியே விட்டுவிடுவார்கள். அது 12-லும் சுற்றும், ஜோராகவே சுற்றும். அந்த வேகத்தில், எஞ்சினைச் சுற்றிவிடும் அதன் பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீல் ரிங்கில் போய் மோதும். ரிங் பல் உடைந்தால் எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும்.

6 வோல்ட்டின் கெட்ட பெயரில் பாதி, பழைய ரிப்பேர்கள் வாங்கிக் கொடுத்தது. இடையில் யாரோ 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டிருப்பார்கள். அது இதற்கு ஒல்லி. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினால் கோளாறு எர்த்தில். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்ட்டை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துப் பூட்டினாலே பல வண்டிகள் எழுந்துவிடும். டைனமோவைக் கழற்றி மாட்டியிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன், டைனமோவின் பிளஸ்-மைனஸ் பேட்டரியோடு ஒத்துப்போக, கட்-அவுட்டின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒயரால் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டு டைனமோ செத்துப்போச்சு என்பவர்கள் ஏராளம்.

தினமும் தோட்டத்துக்குப் போகிற வண்டி என்றால் 12 போட்டுவிடுங்கள், எனக்கு மறுப்பில்லை. டீசல் எஞ்சின் ஏற்கனவே ஏறிவிட்ட வண்டி 12-ல்தான் ஓடும், அதற்கு இந்தக் கேள்வியே கிடையாது. பழமைக்காக வைத்திருப்பது என்றால் 6 தான். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் என்று பதியலாம். அப்படிப் பதிந்ததை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. அப்புறம் ராத்திரி பத்து மணிக்குப் பல்பு தேடி அலைகிற அவசியம் எங்கே வரப்போகிறது?

12-க்கு மாற இன்னொரு சாக்கு ரேடியோ. போர்க்கால பிரிட்டிஷ் ராணுவ ரேடியோவான 19-ஆம் எண் வயர்லெஸ் செட் 12 வோல்ட் கேட்கும். கனடாவில் செய்தவற்றில் சோவியத்துக்கு அனுப்பவென்று ரஷ்ய எழுத்தும் இருக்கும், பார்க்கவே அழகு. அதற்காக வண்டியையே மாற்றுவதா? போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படை ஜீப்பில் ரேடியோவுக்கென்று தனி 12 வோல்ட் பேட்டரி வைத்தது. நாமும் அதையே செய்யலாம், வண்டி ஒயரிங்கைத் தொட வேண்டாம். இன்னொரு லாபம்: பானெட்டில் எழுதிய ராணுவ எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' இருந்தால் அது ரேடியோ இரைச்சலை அடக்கும் ஃபில்டர்களும் எர்த் பட்டைகளும் பூட்டி வந்த வண்டி. 12-க்கு மாற்றும்போது அவற்றைத்தான் முதலில் கழற்றி வீசுகிறார்கள்.

செட்டுக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்காதீர்கள். பழைய பேப்பர் கண்டன்சர்கள் கசியும், முதலில் அவற்றை மாற்றுங்கள். உள்ளே டைனமோட்டர் 500 வோல்ட் அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும், கை கவனம். கேட்பதோடு நில்லாமல் பேசவும் ஆசை என்றால் முதலில் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்க வேண்டும்.