பவர் குவெரி: பெயரை நம்பி ஓடும் கருவி

மாதாமாதம் ஒரே அச்சில் வந்து சேரும் எக்செல் ஷீட்டை மாதாமாதம் கையாலேயே சுத்தம் செய்து கொண்டிருப்பவர்களுக்கானது, எக்செலின் தரவு சீரமைப்புக் கருவியான பவர் குவெரி. 2013இல் தனி ஆட்-இன்னாக வந்து, எக்செல் 2016 முதல் டேட்டா டேபுக்குள்ளேயே குடியேறிவிட்டது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒரே தடவை வந்து போகும் ஐம்பது வரிக் கோப்புக்கு இதைத் திறப்பது வீண் வேலை. அதற்கு ஃபைண்ட்-ரீப்ளேஸ் போதும்.

நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வலப்பக்கத்து 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலில் ஒரு படியாகப் பதிவாகும். மூலக் கோப்பில் கை வைக்காது. அடுத்த மாதக் கோப்பை அதே இடத்தில் அதே பெயரில் வைத்துவிட்டு கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்5 தட்டினால் (இதுதான் ரெஃப்ரெஷ்) எல்லாப் படிகளும் மறுபடி ஓடும். 'இதைத்தானே மேக்ரோவும் செய்கிறது' என்று கேட்கலாம். மேக்ரோ என்பது நாம் செய்வதைப் பதிவு செய்து மறுபடி ஓட்டும் எக்செல் வசதி. அப்படி ரெக்கார்டு செய்தது பெரும்பாலும் செல் முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். 40 வரிசைக்குப் பதிவு செய்தால் 41ஆவது வரிசை அதன் கண்ணில் படாது. பவர் குவெரி நெடுவரிசையின் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. வரிசைகள் எத்தனை கூடினாலும் அசராது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் அப்படியே நின்றுவிடும். இதன் பலம், பலவீனம் இரண்டும் இங்கிருந்துதான் வருகின்றன.

வழக்கமான ஒரு விற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மேலே மூன்று வரி அலங்காரத் தலைப்பு, 'கிளை' நெடுவரிசையில் மெர்ஜ் செய்த செல்கள், அடுத்து 'பொருள்', பிறகு பன்னிரண்டு மாதங்கள் குறுக்காக, கடைசியில் 'மொத்தம்'. இதைப் பிவட் டேபிளுக்கு (தரவைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணைக்கு) தகுந்தபடி நெடுக்காக்க வேண்டும். முதலில் 'ரிமூவ் டாப் ரோஸ்' கொடுத்து மூன்று வரியை வெட்டி, அடுத்த வரியைத் தலைப்பாக்குங்கள். 'கிளை'யில் 'ஃபில் டவுன்' கொடுங்கள், மேலே உள்ள பெயர் கீழுள்ள வெற்று செல்களிலும் நிரம்பும். மொத்த வரிசைகளை ஃபில்டரில் தள்ளி, 'மொத்தம்' நெடுவரிசையையும் நீக்குங்கள். இதை மறந்தால் மொத்தமும் பதின்மூன்றாவது மாதமாக உள்ளே வந்து, கூட்டல் இரட்டிப்பாகும். பிறகு 'கிளை', 'பொருள்' இரண்டையும் தேர்ந்தெடுத்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால், குறுக்காக இருந்த மாதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகளாகும். நாற்பது வரிசை 480 வரிசையாக மாறும். புதிதாக வரும் 'ஆட்ரிபியூட்', 'வேல்யூ' இரண்டுக்கும் 'மாதம்', 'தொகை' என்று பெயர் வையுங்கள்.

480 வரவில்லையா? வெற்று செல்கள்தான் காரணம். நல் (null, அதாவது எதுவுமே இல்லாத) மதிப்புள்ளவற்றை அன்பிவட் சத்தமில்லாமல் விட்டுவிடும். அவை கணக்கில் வர வேண்டுமானால் அதற்கு முந்திய படியில் நல்லைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். 'விற்கவில்லை' என்பதும் 'தகவல் வரவில்லை' என்பதும் ஒன்றா என்று யோசித்துவிட்டு அதைச் செய்வது நல்லது. 'ஃபில் டவுன்' வேலை செய்யாவிட்டால் அங்கே கதை நேர்மாறு: அந்த செல் நல் அல்ல, வெற்று டெக்ஸ்ட். 'ரீப்ளேஸ் வேல்யூஸ்' பெட்டியில் தேடும் இடத்தைக் காலியாக விட்டு, மாற்றும் இடத்தில் நல் என்று கொடுத்தால் சரியாகும்.

இந்தக் கருவியில் அதிகம் வதைப்பது, நாம் கேட்காமலேயே தானாக நுழையும் 'சேஞ்சுடு டைப்' படி. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எண், தேதி, டெக்ஸ்ட் என்று வகை (டைப்) குறிப்பது இதுதான். கோப்பைத் திறந்ததும், தலைப்பை ஏற்றியதும், எல்லா நெடுவரிசைப் பெயர்களையும் அதற்குள் எழுதி வைத்துவிடும். ஓர் ஆண்டு 'ஜன-25' என்றிருந்த தலைப்பு அடுத்த ஆண்டு 'ஜன-26' ஆனதும், அந்த நெடுவரிசை கிடைக்கவில்லை என்ற பிழையோடு ரெஃப்ரெஷ் நிற்கும். 00451 என்ற குறியீடு 451 ஆவதும் இதன் கைங்கரியம்தான். அந்தப் படியைத் தயங்காமல் நீக்குங்கள். அன்பிவட் முடிந்து நான்கே நெடுவரிசை மிஞ்சிய பிறகு டைப் கொடுத்தால் போதும். நாள்-மாதம் குழம்பும் தேதிகளுக்கு 'யூசிங் லொகேல்' வழியாக மூலக் கோப்பின் வழக்கத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால் 03/04 ஏப்ரலா மார்ச்சா என்பதை உங்கள் கணினியின் அமைப்பு முடிவு செய்யும். இதில் பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால்தான் ஆபத்து.

ஃபோல்டரிலிருந்து பல கோப்புகளை ஒன்றாக்கும் வசதிக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு மாதிரிக் கோப்புக்குச் சொன்னதை மற்ற எல்லாவற்றுக்கும் செய்து, எந்த வரிசை எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும் தனி நெடுவரிசையில் காட்டும். இங்கேயும் அதே பெயர்ப் பிரச்சினை: ஒரு கோப்பில் ஷீட்டின் பெயர் வேறாக இருந்தால் சாவி பொருந்தவில்லை என்று முறைக்கும். யாராவது கோப்பைத் திறந்து வைத்திருந்தால் உண்டாகும் ~$ மறைகோப்பும் சில சமயம் பட்டியலில் வந்துவிடும். பெயரில் அது உள்ளவற்றை முதல் படியிலேயே வடிகட்டுங்கள்.

சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பில் தமிழ் எழுத்துகள் கந்தலாகத் தெரிந்தால், சோர்ஸ் படியில் என்கோடிங் (எழுத்துக் குறியீட்டு முறை) 1252 என்றிருக்கும். 65001 (யூடிஎஃப்-8) ஆக்கினால் தமிழ் தெரியும். அதே வரியில் நெடுவரிசைகளின் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். அதை எடுத்துவிடாவிட்டால், பின்னாளில் சேரும் நெடுவரிசை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும்.

எக்செல் பழக்கத்தில் வருபவர்கள் தடுமாறும் இடங்கள் வேறு சில உண்டு. எக்செலின் ட்ரிம் ஃபார்முலா சொற்களுக்கு நடுவே உள்ள கூடுதல் இடைவெளிகளையும் ஒன்றாக்கும். இங்கே ட்ரிம் முன்னும் பின்னும் மட்டும்தான் வெட்டும். எக்செலின் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது, இது பார்க்கும். தேதியை இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு டூப்ளிகேட் நீக்கினால் சமீபத்தியது மிஞ்சும் என்று நம்பாதீர்கள். அடுக்கிய வரிசையை டேபிள் டாட் பஃபர் (Table.Buffer) என்ற ஃபங்ஷன் கொண்டு உறைய வைத்தால்தான் அது உறுதி. செல்லுக்கு மஞ்சள் அடித்து 'சரிபார்த்தது' என்று குறிக்கும் வழக்கம் இருந்தால், அந்த நிறம் இதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒரே பெயரைப் பத்து விதமாக எழுதியிருக்கும் பட்டியலுக்கு மட்டும் ஓப்பன்ரிஃபைன் என்ற தனி மென்பொருள் ஒரு படி மேல். அதன் கிளஸ்டர் வசதி ஒத்த எழுத்துக்கோவைகளைக் கூட்டமாகக் காட்டி, எதை வைத்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் கேட்கும். பவர் குவெரியின் ஃபஸி மெர்ஜ் (கிட்டத்தட்ட ஒத்த பெயர்களையும் இணைப்பது), தானாக 0.8 அளவில் (1 என்றால் முழுப் பொருத்தம்) பொருத்தம் பார்த்து முடித்துவிடுகிறது. எதை எதோடு சேர்த்தது என்று பிறகு நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

எடிட்டருக்குள் கண்ட்ரோல்+இசட் கிடையாது என்பது இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எரிச்சல்தான். தவறாக நீக்கிய படியை மறுபடி செய்தாக வேண்டும், அல்லது சேமிக்காமல் வெளியேற வேண்டும். அதைவிடப் பெரிய இடி, ஷீட்டில் இறங்கிய டேபிளுக்குப் பக்கத்தில் கையால் குறிப்பு எழுதுபவர்களுக்கு. ரெஃப்ரெஷில் வரிசைகள் இடம் மாறும். குறிப்புகள் இருந்த இடத்திலேயே நின்று, ஒருவர் கணக்குக்கு எழுதியது இன்னொருவர் தலையில் விழும். குறிப்புகளைத் தனி டேபிளில், ரசீது எண்ணோடு எழுதி வைத்து, 'லெஃப்ட் அவுட்டர்' மெர்ஜில் (முதல் டேபிளின் வரிசைகள் எல்லாம் அப்படியே இருக்க, பொருந்துவதை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுக்கும் இணைப்பு) கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீது எண் இரண்டு பக்கமும் டெக்ஸ்டாக இருக்கட்டும்.