ஐ அகெய்ன்ஸ்ட் ஐ, க்ளோ ஆன்: கானா கேட்ட காதுக்கு எது முதலில்?

வேகமும் ஆவேசமும் மிகுந்த ராக் வகையான ஹார்ட்கோர் பங்க்கைப் பிற இசைவகைகளோடு கலந்த ஆல்பங்களில், வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கானா கேட்டு வளர்ந்தவர் முதலில் எடுக்கத்தக்கவை இரண்டு: வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் குழு 1986-இல் வெளியிட்ட ‘ஐ அகெய்ன்ஸ்ட் ஐ’, பால்டிமோரின் டர்ன்ஸ்டைல் குழு 2021-இல் வெளியிட்ட ‘க்ளோ ஆன்’.

இவற்றை அளக்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வடசென்னையுடையது. கானாவுக்குள் தமிழ் சினிமா மெட்டும் வரும், இந்திப் பாட்டின் சாயலும் வரும். எது வந்தாலும் தாளம் தன் பிடியை விடுவதில்லை. 2018-இல் மேடையேறிய சென்னைக் கானா குழுவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடல்களில் ராப்பும் ராக்கும் அந்நியமாக ஒலிக்காததற்கும் இதுவே காரணம்.

ஜாஸ் கலப்பிசையில் தொடங்கிய கறுப்பினக் கலைஞர்களான பேட் பிரெய்ன்ஸ், 1982-இல் வந்த முதல் ஆல்பத்தில் அதிவேக ஹார்ட்கோர் பாடல்களையும் ஜமைக்கா இசைவகையான ரெக்கேயில் நிதானமான பாடல்களையும் அடுத்தடுத்து வைத்தார்களே தவிர, ஒன்றை மற்றொன்றில் கரைக்கவில்லை. ரான் செயின்ட் ஜெர்மெய்ன் தயாரித்த ‘ஐ அகெய்ன்ஸ்ட் ஐ’யின் பத்துப் பாடல்களில்தான் ஃபங்க்கும் (தாளமே முதன்மையான கறுப்பின நடன இசை) மெட்டலும் (கனத்த கிட்டார் ராக்) ஒரே பாட்டுக்குள் புகுந்தன. டாரில் ஜெனிஃபரின் பேஸ் கிட்டாரும் ஏர்ல் ஹட்சனின் டிரம்ஸும் அடியில் இறுக்கமாக ஓடுவதால், மேலே கிட்டார் எந்தத் திசையில் திரும்பினாலும் பாட்டு கலைவதில்லை. (‘சேக்ரட் லவ்’ பாடலைப் பாடகர் எச்.ஆர். சிறையிலிருந்து தொலைபேசி வழியாகப் பாடிப் பதிவுசெய்தார். குரலில் உள்ள கரகரப்புக்கு அதுதான் காரணம்.)

‘க்ளோ ஆன்’ ஒலித்தெளிவில் வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஹிப்ஹாப் ஆல்பங்களில் பணியாற்றிய மைக் எலிஸாண்டோ இதன் தயாரிப்பில் ஈடுபட்டதன் பலன் அது. சிந்தசைசரில் தொடங்கும் ‘மிஸ்டரி’யும், லத்தீன் அமெரிக்கச் சாயலுள்ள தாளத்தோடு பாயும் ‘டோன்ட் பிளே’யும் சாவுமேளம் கேட்டுப் பழகிய கால்களை உடனே அசைத்துவிடும். ஆனால் பிளட் ஆரஞ்ச் என்ற பாடகர் சேர்ந்து பாடும் ‘ஏலியன் லவ் கால்’ போன்ற மெல்லிசைப் பாடல்கள், அழகாக இருந்தும், விருந்தாளிக்குத் தனி அறை ஒதுக்கியதுபோல ஆல்பத்தில் ஒதுங்கி நிற்கின்றன. சுமார் முப்பத்தைந்து நிமிடங்களில் பதினைந்து பாடல்கள் என்பதால் ஒவ்வொரு கலவையும் ஊறுவதற்குள் முடிந்தும்விடுகிறது.

ஆகவே என் தேர்வு ‘ஐ அகெய்ன்ஸ்ட் ஐ’. ஒலிப்பதிவு பழையது என்று புதியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அப்படிப்பட்டவர்கள் வேகமான தலைப்புப் பாடலை விட்டுவிட்டு, நடுத்தர வேகத்தில் கனமாக நடக்கும் ‘ரீ-இக்னிஷன்’ பாடலை, பேஸ் நன்றாகக் கேட்கும் ஒலிபெருக்கியில் முதலில் போட்டுக் கேட்கலாம்.