நான்கு ஹெலிகாயிலுக்குப் பணம் வாங்கினார்கள், ஒழுங்காக இருந்தது ஒன்றுதான்: ஹெட் போல்ட் மரை பழுதுபார்ப்பில் நான் ஏமாந்த விவரம்

ஒரே என்ஜினின் சிலிண்டர் ஹெட்டை (பிளாக் எனும் அடிப்பாகத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் மூடிப் பகுதி) மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை கழற்ற வைத்து, இரண்டு முறையும் முழுப் பணத்தையும் நானே கட்டியிருக்கிறேன். அலுமினிய பிளாக் உள்ள பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், "மரை போய்விட்டது, ஹெலிகாயில் போட வேண்டும்" என்று பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தால் சரி என்று சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மரை என்பது போல்ட் திருகி இறங்கும் வரிகள்; ஹெலிகாயில் என்பது அது பெயர்ந்த துளைக்குள் புது மரையாக இறக்கும் எஃகுக் கம்பிச் சுருள்.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆழியாறைத் தாண்டி ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்திருந்தபோது வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விரிசல் விட்டிருந்தது எனக்குத் தெரியாது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஓரம் கட்ட இடமில்லை என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்தத் தவறு என்னுடையது. அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை.

ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து, நண்பர் ஒருவர் சொன்ன பட்டறையில் விட்டேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. ஹெட்டை லேத்தில் சமப்படுத்தி, புது கேஸ்கட், புது ஹெட் போல்ட்கள் போட்டுத் தர 28,000 ரூபாய் என்றார்கள். நான்காம் நாள் பட்டறை உரிமையாளர் அழைத்தார். "சார், போல்ட்டு டைட் பண்றப்போ நாலு எடத்துல மரை நிக்கலீங்க. ஹெலிகாயில் போட்டுக் குடுத்தர்றமுங்க, ஒண்ணுக்கு ஆயிரத்தி முந்நூறு ஆகுமுங்க." அந்த வாரம் வீட்டில் ஒரு திருமணம் இருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. 5,200 ரூபாயும் சேர்த்து 33,200 ரூபாய் கட்டி வண்டியை எடுத்துவந்தேன்.

மரை ஏன் போகிறது என்பதை அப்போது நான் தெரிந்து வைத்திருக்கவில்லை. ஹெட் போல்ட் எஃகு, அது இறங்கும் பிளாக் அலுமினியம். எஃகை விட அலுமினியம் மிகவும் மென்மையானது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அலுமினியம் எஃகை விட அதிகமாக விரிகிறது. ஏற்கெனவே பல டன் விசையில் இழுத்துப் பிடித்திருக்கும் போல்ட்டின் சுமை முழுவதும் பிளாக்கிலுள்ள மரையின் மேல் விழுகிறது. துளைக்குள் கூலன்ட் கசிந்து ஆண்டுக்கணக்கில் அரித்திருந்தால், போல்ட்டைக் கழற்றும்போதே மரையும் சேர்ந்து வந்துவிடும். அப்படி வந்த ஒன்றை நானே பார்த்தேன்: போல்ட்டின் நுனியைச் சுற்றி அலுமினிய மரை வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. இது நம் ஊர்ப் பழைய வண்டிகளுக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. அமெரிக்காவில் 1990-களில் வந்த கேடிலாக்கின் நார்த்ஸ்டார் வி8 என்ஜினில் ஹெட் போல்ட் மரை பெயர்வது அவ்வளவு பேர்பெற்ற கோளாறு. அதற்கென்றே மரை புஷ் கிட்கள் தனியாக விற்கின்றன.

இந்தக் கோளாறுக்கு முறையான வைத்தியம் உண்டு. பெயர்ந்த மரையைச் சற்றுப் பெரிய டிரில்லால் துளைத்து எடுத்துவிட்டு, அதற்கென உள்ள தனி டேப்பால் புது மரை வெட்டி, அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை இறக்குவார்கள். ஹெலிகாயில் என்பது அதுதான். அந்தக் கம்பி உருண்டையாக இருக்காது. வெட்டிப் பார்த்தால் வைரத்தின் வடிவத்தில் இருக்கும், வெளிப்பக்கம் பிளாக்கின் மரையிலும் உள்பக்கம் போல்ட்டின் மரையிலும் பொருந்தும். இறக்கி முடித்ததும் சுருளின் மேல் நுனி பிளாக்கின் மேல் முகத்துக்குக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று கீழே இருக்க வேண்டும். அடியில் பிடித்துச் சுழற்றுவதற்காக உள்ள வால் துண்டை உடைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். இன்னொரு வழி, கம்பிச் சுருளுக்குப் பதிலாக, உள்ளும் புறமும் மரை வெட்டிய திடமான எஃகு புஷ் போடுவது. ஹெட் போல்ட் போன்ற பெரும் சுமை தாங்கும் இடத்துக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது இப்போது என் கருத்து. ஆனால் ஹெலிகாயிலும் ஒழுங்காகப் போட்டால் அசையாது. என் விஷயத்தில் சிக்கல் ஹெலிகாயிலில் இல்லை.

வண்டி 1,900 கிலோமீட்டர் ஓடியது. அதற்குள் கூலன்ட் டப்பாவில் மட்டம் இறங்க ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஒரு நாள் காலை குளிர்ந்த என்ஜினை இயக்கி டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தேன், சோடா பாட்டில் போல நுரைத்துக் குமிழி வந்தது. என்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்பதற்கு அதை விடத் தெளிவான அடையாளம் வேண்டாம். முதல் பட்டறைக்கு அழைத்தேன். "கேஸ்கட்டு செட் ஆகறதுக்குக் கொஞ்ச நாளாகுமுங்க, ஓட்டிப் பாருங்க" என்றார்கள். இதை நம்பாதீர்கள். கேஸ்கட் ஓட ஓடத் தானாகச் சரியாகும் பொருள் அல்ல.

இரண்டாவதாக நான் போனது, லேத் பட்டறை ஒன்றின் பக்கத்திலேயே வேலை செய்யும் ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் போட்ட ஒரே நிபந்தனை, ஹெட்டைக் கழற்றும்போது நான் கூடவே இருக்க வேண்டும் என்பது. "நாளைக்கு நீங்க என்னையக் கேக்கக் கூடாதுங்க, அதுக்குத்தான்" என்றார். அவர் நீளக் கம்பியை மாட்டி ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினார். நன்றாக இறுகியிருக்கும் ஹெட் போல்ட் முதல் அசைவில் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்துத்தான் விடும். 10 போல்ட்களில் ஏழு அப்படி விட்டன. மூன்று சத்தமே இல்லாமல், ஜாம் பாட்டில் மூடியைத் திறப்பது போல, கையோடு வந்தன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஹெட்டைத் தூக்கி வைத்துவிட்டுத் துளைகளில் காற்றடித்தபோது இரண்டு துளைகளிலிருந்து சாம்பல் நிறத் துகள்கள் பறந்தன. துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பக்கவாட்டில் மண் பூசியது போல, இறுகிப் போன சாம்பல் நிறப் பசை. குழாய் ஓட்டை அடைக்கும், இரண்டு கலவையைப் பிசைந்து போடும் அந்த வகைப் பசை. மரை பெயர்ந்த துளையில் பசையை அப்பி, அது காய்வதற்குள் போல்ட்டை இறக்கியிருக்கிறார்கள். பிளாக் தொடர்ந்து 90 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் இடத்தில், சிலிண்டரின் அழுத்தம் ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தள்ளும் இடத்தில், அந்தப் பசை எத்தனை நாள் தாங்கும் என்பதை 1,900 கிலோமீட்டர் சொல்லிவிட்டது.

மூன்றாவது துளையில் ஹெலிகாயில் இருந்தது, ஆனால் சாய்ந்திருந்தது. கை டிரில்லைக் கண் அளவாகப் பிடித்துத் துளைத்திருக்கிறார்கள். சுருளின் மேல் நுனி பிளாக்கின் முகத்துக்கு மேலே ஒரு மயிரிழை துருத்திக்கொண்டிருந்தது. விரலை ஓட்டியபோது எனக்கே குத்தியது. உடைத்து எடுக்க வேண்டிய வால் துண்டு துளையின் அடியிலேயே கிடந்தது. மெக்கானிக் மூக்குக் குறடால் சுருளின் நுனியைப் பிடித்து இழுத்தார், பேனா ஸ்பிரிங் போல நீண்டு வெளியே வந்தது. நான்காவது துளையில் மட்டும் ஒழுங்கான ஹெலிகாயில். ஆக, நான்குக்குக் காசு கொடுத்து எனக்குக் கிடைத்தது ஒன்று.

அதோடும் முடியவில்லை. பில்லில் 10 புது ஹெட் போல்ட்கள் என்று எழுதியிருந்தது. அவர் பத்தையும் வரிசையாக வைத்து வெர்னியரில் அளந்தார்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். இந்த வகை போல்ட், குறிப்பிட்ட டார்க்குக்கு (திருப்பு விசைக்கு) இறுக்கிய பிறகு மேலும் குறிப்பிட்ட கோணம் திருப்பி, நீண்டு கொடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு முறை நீண்டதை மறுபடி போட்டால் அது பிடிக்க வேண்டிய விசையில் பிடிக்காது. ஒரே பெட்டியிலிருந்து வந்த புது போல்ட்கள் இப்படி நீளம் மாறி இருப்பதில்லை. பழைய போல்ட்களையே டீசலில் கழுவி, தலையில் மட்டும் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். பெயர்ந்த நான்கை மட்டும் அல்லாமல் பத்துத் துளைக்கும் எஃகு புஷ் போட்டுவிடலாம் என்றார். ஒரே சூட்டைத் தாங்கிய மற்ற ஆறு மரையும் அடுத்த முறை நிற்கும் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என்ஜினை வெளியே இறக்கினார்கள். பிளாக்கின் முகத்தின் மேல் கனமான எஃகுத் தகடு ஒன்றைப் பிணைத்து, அதிலிருந்த வழிகாட்டித் துளை வழியாகத்தான் டிரில் இறங்கியது. சாய வழியே இல்லை. டிரில்லில் ஆழத்துக்கு நிறுத்து வளையம் மாட்டியிருந்தார்கள், ஏனென்றால் துளையின் அடி மூடியிருக்கிறது, கூடுதலாக இறங்கினால் தண்ணீர் ஓடும் அறைக்குள் போய்விடும். சிலிண்டர்களையும் எண்ணெய் வழிகளையும் துணியும் ஒட்டு நாடாவும் கொண்டு மூடிய பிறகே முதல் சீவல் விழுந்தது. மரை வெட்டும் டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்பி, அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்தார்கள். பிரேக் கிளீனரால் கழுவிக் காற்றடித்துக் காயவிட்டு, மரைப் பசை தடவி புஷ்ஷை இறக்கினார்கள். இதையும் பசை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இது புஷ் சுழன்று வராமல் பிடிப்பதற்கு, மரைக்குப் பதிலாக இருப்பதற்கு அல்ல.

மறுநாள் ஹெட்டை வைப்பதற்கு முன் அவர் செய்ததுதான் முதல் பட்டறையில் நான் கேட்டிருக்க வேண்டியது. ஹெட்டின் உயரத்துக்கு வெட்டிய ஒரு தடித்த குழாய்த் துண்டைத் துளையின் மேல் நிறுத்தி, பழைய போல்ட்டை அதன் வழியே விட்டு, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கிப் பார்த்தார். பத்துத் துளையிலும் ரெஞ்ச் 'கிளிக்' என்றது. மரை சரியில்லாவிட்டால் ரெஞ்ச் சொத சொதவென்று சுற்றிக்கொண்டே போகும், கிளிக் வராது என்றார். பத்து நிமிட வேலை. இதை ஹெட் மூடுவதற்கு முன் உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஹெட்டை மூடிவிட்டால் துளைக்குள் ஹெலிகாயில் இருக்கிறதா, பசை இருக்கிறதா என்று பார்க்க எந்த வழியும் கிடையாது; ஏமாற்றுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பழைய போல்ட்களையும் கேஸ்கட்டையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் காரணம் என்னவென்று ஊகிக்கலாம்.

இரண்டாவது முறை ஆன செலவு 41,500 ரூபாய். படங்களையும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்ட கம்பிச் சுருளையும் பசைத் துகளையும் எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் முதலில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றார், பிறகு "பழைய வண்டிங்க, பிளாக்கே வீக்குங்க" என்றார், கடைசியில் லேபர் இல்லாமல் திரும்பச் செய்து தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்ய என்ன இருக்கிறது? வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்யும் பையன் பக்கத்தில் வந்து நின்று, "ரெண்டு ஓட்டைல டேப்பு ஏறவே இல்லீங்கண்ணா. வெள்ளிக்கெழம குடுத்தாகணும்னு பேஸ்ட்டு போடச் சொல்லிட்டாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை என்று சொன்னது நான்தான். அது என் மனத்தில் உறுத்துகிறது. ஆனால் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருமணத்துக்கு வாடகைக் காரில் போயிருப்பேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். அப்போதுதான் என் அடுத்த தவறு தெரிந்தது. என்னிடம் இருந்தது ஜிஎஸ்டி பில் அல்ல, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. பணத்தை நல்லவேளையாக யுபிஐ மூலம் அனுப்பியிருந்தேன், அந்த ஆதாரமும் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய கணக்கும்தான் கைகொடுக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இரண்டாவது மெக்கானிக்கிடம் கழற்றியபோது கண்டதையெல்லாம் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மனு அடுத்த வாரம் போகிறது. டப்பா மேசை மேல் இருக்கிறது.