ஸ்பீட் டெஸ்ட் எண்ணைக் காட்டி ஓராண்டுப் பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள்

ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் மூன்று மாதங்கள் இலவசம் என்று சொல்லி ஃபைபர் இணைப்பு விற்கும் நிறுவனங்களிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகம் என்று எழுதிக்கொடுத்து என்னிடமும் அப்படித்தான் முன்பணம் வாங்கினார்கள். பகலில் குறை சொல்ல எதுவும் இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவரின் முகம் உறைந்து நிற்கும், அலுவலகக் கோப்பு பாதி ஏறிய நிலையில் அறுந்துபோகும்.

பலமுறை புகார் கொடுத்த பிறகு வந்த தொழில்நுட்பப் பணியாளர், ரூட்டருக்குப் பக்கத்திலேயே நின்று தம் கைபேசியில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, 98 என்ற எண்ணை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதே நிமிடத்தில் என் மடிக்கணினியில் வெளிநாட்டுச் சர்வர் ஒன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கோப்பு 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. அதைக் காட்டியபோது, "அது அந்த வெப்சைட்டோட பிரச்சினை சார்" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் காட்டிய எண் பொய்யல்ல. அது எதை அளந்தது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் செயலிகள் பெரும்பாலும் மிக அருகிலுள்ள சர்வரைத் தாமாகவே தேர்ந்தெடுக்கும். அந்தச் சர்வர் பல நேரங்களில் இணைப்பு தரும் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அப்போது அளக்கப்படுவது நம் வீட்டிலிருந்து அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை வரையிலான வேகம் மட்டுமே. பிரபலமான வீடியோ தளங்களின் தற்காலிகச் சேமிப்புச் சர்வர்களும் இப்படி நிறுவனத்துக்குள்ளேயே வைக்கப்படுவதுண்டு என்பதால், படம் தெளிவாக ஓடும், மற்ற எல்லாம் தவழும். அங்கிருந்து வெளியுலகத்துக்குச் செல்லும் கொள்ளளவைப் பெரிய நிறுவனங்களிடமிருந்து நம் இணைப்பு நிறுவனம் விலை கொடுத்து வாங்க வேண்டும். வளரும் நாடுகளில் அந்தப் போக்குவரத்து பெரும்பாலும் சில கடலடிக் கேபிள்களை நம்பியே இருப்பதால் அந்த விலையும் அதிகம், எனவே கஞ்சத்தனமும் அங்கேதான் தொடங்குகிறது. வெளியுலகத்துக்குச் செல்ல ஒரே ஒரு வழியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எத்தனை ஆபத்தானது என்பதற்கு 2024 மார்ச் 14 நல்ல சாட்சி: அன்று ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் நான்கு கேபிள்கள் சேதமடைந்ததால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இணையம் முடங்கியது. மாற்று வழி ஏதாவது உண்டா என்று நான் விற்பனையாளரிடம் கேட்டபோது கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

ஒரு ஃபைபர் இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. வீடுகளுக்கு ஃபைபர் கொடுப்பதில் பரவலாக உள்ள ஜிபான் என்ற முறையில் ஓர் இழைக்குப் பதிவிறக்கத்துக்கு ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ் கிடைக்கும்; அதை ஸ்பிளிட்டர் என்ற ஒளி பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் இது நியாயமான கணக்குதான். நியாயமில்லாதது எதுவென்றால், அங்கிருந்து வெளியுலகத்துக்குப் போகும் குழாயையும் ஒடுக்கமாக வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம் என்று எதையுமே குறிப்பிடாமல் விடுவது. பதிவேற்ற வேகமும் என் ஒப்பந்தத்தில் இல்லை. 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த திட்டத்துக்கு மாதாந்திரப் பயன்பாட்டு வரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் வேகம் விழும் என்ற விவரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முயன்றபோது முடியவில்லை. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வான் (WAN) முகவரி, அதாவது நிறுவனம் என் ரூட்டருக்குக் கொடுத்த இணைய முகவரி, 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அப்படிப் பகிரும்போது வெளியிலிருந்து நம் ரூட்டரை நேரடியாக அடைய முடியாது. ஐபிவி4 எனப்படும் பழைய வகை இணைய முகவரிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பதால் இந்த ஏற்பாட்டையும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இணைப்புக் கொடுக்கும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு தனி முகவரிக்கு மாதக் கட்டணம் கேட்பது என்ன வகை வியாபாரம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள அக்கம்பக்கத்து வீட்டில், இரவு எட்டரை மணி வாக்கில், தொலைவிலுள்ள சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பாருங்கள். வைஃபையின் குறையை இணைப்பின் குறையாக எண்ணிவிடாமலிருக்க, கேபிளைக் கணினியில் நேரடியாகச் செருகிச் சோதிப்பது நல்லது. இழை வந்து சேரும் சாதனத்தில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று பொருள். அலமாரிக்குப் பின்னால் இழை கூர்மையாக மடங்கியிருந்தாலும் அப்படி ஆகும். வருபவரிடம் மின்னளவி போன்ற கையடக்க ஒளியளவி இருந்தால் வரும் ஒளியின் அளவைக் கேளுங்கள்: பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு அது -27 டிபிஎம்முக்கு (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) கீழே, -28, -30 என்று போனால் இணைப்பு நம்பகமாக நிற்காது. தொலைபேசியில் மட்டும் புகார் சொல்லி விட்டுவிடாதீர்கள். நேரம் தெரியும் படங்களோடு மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

எனக்கு எஞ்சிய மாதங்களின் பணம் வரவில்லை. 'சலுகைத் திட்டத்தில் திருப்பித் தருதல் கிடையாது' என்ற ஒரு வரியைக் காட்டினார்கள். ரூட்டருக்கான வைப்புத்தொகையில் பாதியை, சாதனத்தில் கீறல் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சாதனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, வரிசை எண்ணும் நான்கு பக்கங்களும் தெரியும்படி அவர்கள் கண்முன்னே படமெடுத்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட ரசீதை வாங்கிக்கொண்ட பிறகே கையை விட்டு விடுங்கள்.